இரண்டு பொட்டலம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கறிக்கடை முன்னால் நிற்கிற கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கறி ஒரு சாக்குதான். அவர்கள் வருவது ரேடியோவின் வாயைக் கேட்க. இது கடைக்காரருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். எதிர் வரிசையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த இன்னொரு கறிக்கடைக்காரனுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

ரேடியோ என்பது தெரு வைத்த பட்டப்பெயர்; ஆள், கடைக்காரரின் மச்சினன். அவர் மனைவிக்கு ஒரே தம்பி. முப்பதை எட்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை ஒரு வார்த்தை பேசவிடாமல் தானே பேசித் தீர்த்துவிட்டு வந்தால் எவன் பெண் கொடுப்பான்? கடையில் "அக்கா, அக்கா" என்று அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டே, கடைக்காரர் மனைவி தெருவுக்கே அக்கா ஆகிவிட்டாள். அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

மூன்று பேரும் வேலையைப் பங்கு போட்டிருந்தார்கள். கடைக்காரர் அறுப்பார், உரிப்பார், வெட்டுவார். அக்கா நிறுப்பாள். ரேடியோ கட்டிக் கொடுப்பான். கடைக்காரர் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வந்தால் பெரிய விஷயம். இருட்டோடு எழுந்து, பின்கட்டில் ஆட்டைப் படுக்கவைத்து, ஒரே இழுப்பில் காரியத்தை முடிப்பார். ரத்தம் பீச்சி அடிக்கும். கால் உதறல் நிற்கிறவரைக்கும் அதன் விலாவில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அப்புறம் கொக்கியில் மாட்டித் தோலை உரிப்பார். மனுஷன் மேல் ஒரு நாளும் அவர் கை ஓங்கியதில்லை. அவர் கோபமெல்லாம் வெட்டுக்கட்டையில் இறங்கிவிடுகிறது என்று அக்கா நினைத்திருந்தாள். பாவம், அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். கறியைப் பாலித்தீன் பையில் போட்டு, மேலே பேப்பரைச் சுற்றி, சணல் கட்டிக் கொடுப்பது கடை வழக்கம். சுற்றுவதற்கு முன்னால் ரேடியோ தாளை விரித்து, கொட்டை எழுத்தில் இருப்பதைத் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பான். வாசித்துவிட்டு, "அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?" என்பான். பேப்பர்க்காரன் அதோடு விட்டிருப்பான். மிச்சமெல்லாம் இவன் சரக்கு.

"கேளுங்க, கேளுங்க. 'சிறையிலிருந்து கைதி தப்பி ஓட்டம்.' அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? நேரா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினான். பொண்டாட்டி திறந்து பாத்தா. பாத்துட்டு, 'வா'ன்னு கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து ஜெயில் வாசல்ல விட்டுட்டா. 'சார், இது உங்க பொருள். வழி தெரியாம வந்துடுச்சு. இனிமே நல்லாப் பூட்டி வைங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டா."

கூட்டம் சிரிக்கும். அதற்குள் அடுத்த தாள் விரிந்திருக்கும்.

"'தங்கம் விலை கிடுகிடு உயர்வு.' அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? தங்கப்பல்லு கட்டின மாமனாருங்க எல்லாம் அன்னிக்கு வாயைத் துணியால கட்டிக்கிட்டுத் தூங்கினாங்க. ஒரு வீட்டு மருமகன் கொறடோட வந்தான் பாருங்க. மாமனார் முழிச்சுக்கிட்டு மருமகன் மூஞ்சியிலேயே ஒண்ணு விட்டாரு. மருமகன் பல்லு நாலு கொட்டுச்சு. எல்லாம் சாதாப் பல்லு. காலணா பிரயோஜனம் இல்லே!"

அக்காவுக்கு மட்டும் இது பிடிக்காது. "எவன் வீட்டு எழவோ அது. அதுல என்னடா உனக்குச் சிரிப்பு?" என்பாள்.

"அக்கா, அது பழைய எழவு. அழ வேண்டியவங்க அழுது முடிச்சாச்சு. இப்ப நம்ம முறை."

"உன் வாய் இருக்கே... ஒரு நாள் இல்லே ஒரு நாள் வாங்கிக் கட்டிக்கப்போறே."

பெற்றவர்கள் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவள் சொல்கிற பேச்சு அது. சொன்ன வாயைப் பிற்பாடு அவளே அடித்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு விடிந்ததிலிருந்தே தூறல். வரிசை கடையின் தகரக் கூரைக்கடியில் ஒண்டி நின்றது. நாலு கடை தள்ளி பஞ்சர் ஒட்டுகிறவன் வந்தான். நல்ல உடம்பு. லாரிச் சக்கரத்தை ஒற்றையாளாகப் புரட்டுகிற கை. வாரம் தவறாமல் வருவான், வாரம் தவறாமல் ஒரே மாதிரி கேட்பான்.

"ரெண்டாப் பிரிச்சுக் கட்டுப்பா. ஒண்ணு அம்மாவுக்கு."

ரேடியோ தராசுக்கு அடியில் கையை விட்டு ஒரு தாளை எடுத்தான். வாடிக்கைக்காரர்களுக்குப் பொருத்தமாகக் கிடைக்கிற தாள்களை அங்கே பதுக்கி வைப்பது அவன் பழக்கம். தையற்காரருக்கு 'துணிக்கடையில் தீ' என்று ஒன்று, சலூன்காரருக்கு 'மொட்டைத் தலையில் முடி வளரும்: விஞ்ஞானி தகவல்' என்று ஒன்று.

"அண்ணே, இது உங்களுக்குன்னே எடுத்து வச்சது. 'இரண்டு வீடு நடத்திய வியாபாரி: மனைவியர் இருவரும் சேர்ந்து புரட்டி எடுத்தனர்.' அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? அந்த ரெண்டு பொம்பளைங்களும் உசுருக்குசுரா ஆயிட்டாங்க. காலையில இவ அடிப்பா, சாயங்காலம் அவ அடிப்பா. மத்தியானம் கை வலிக்குதுன்னு ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து டீ குடிப்பாங்க. டீ போட்டுக் குடுக்கிறது யாரு? அவன்தான்!"

"அதான் வாராவாரம் ரெண்டு பொட்டலமா? இப்பத்தானே புரியுது!" என்றார் சலூன்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். பஞ்சர்க்காரனும் சிரித்தான். பொட்டலத்தை வாங்கும்போது அது அவன் கையிலிருந்து நழுவியதை அக்கா பார்த்தாள். மழை ஈரம் என்று நினைத்தாள். ரேடியோ சத்தியமாக ஒன்றும் தெரிந்து சொல்லவில்லை. இரண்டு பொட்டலம் கேட்கிற ஆளுக்கு இரண்டு வீட்டுக்காரன் செய்தி, அவ்வளவுதான் அவன் கணக்கு. ஆனால் பஞ்சர்க்காரனுக்கு நிஜமாகவே இரண்டு வீடு இருந்தது. அம்மா செத்து வருஷமாகிவிட்டது. இவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு என்னைக் குத்திக் காட்டுகிறான் என்று அவனுக்குப் பட்டது. குற்றமுள்ள நெஞ்சுக்கு வேறென்ன படும்?

பொட்டலங்களோடு போன ஆள் திரும்பி வந்தபோது கையில் டயர் நெம்புகிற இரும்பு இருந்தது.

முதல் அடியில் தராசுத் தட்டு பறந்தது. ரேடியோ, "அண்ணே, என்னண்ணே..." என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவனால் அப்போதுகூட அதை விளையாட்டு என்றுதான் நினைக்க முடிந்தது. இரண்டாவது அடி அவன் வாயில் விழுந்தது. கட்டையில் எலும்பு முறிகிற சத்தம் அக்கா தினமும் கேட்பது. அதே சத்தம். பல்லும் ரத்தமுமாகத் தம்பி மேஜைக்குக் கீழே சரிந்தான். பஞ்சர்க்காரன் மேஜையைத் தள்ளிவிட்டு அவன் மேல் ஏறி நின்று மிதித்தான்.

"யார்றா சொன்னா? அந்த வீட்டைப் பத்தி உனக்கு எவன்டா சொன்னான்? இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாதுடா அது! சொல்லுடா!"

தாடை தொங்கிப்போனவன் என்ன சொல்வான்? வரிசையில் நின்றவர்கள் மழைக்குள் பின்வாங்கினார்கள். தையற்காரர் மட்டும் பக்கத்து ஆளிடம், "எந்த வீடு?" என்று கேட்டார்.

அது பஞ்சர்க்காரன் காதில் விழுந்தது. ஒரு நிமிஷம் கூட்டத்தைப் பார்த்தான். தன் வாயாலேயே ஊருக்குச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஆத்திரத்தில் இன்னொரு முறை இரும்பை ஓங்கினான். அக்கா அவன் காலைக் கட்டிக்கொண்டு தொடையைக் கடித்தாள். சதை வாயில் வரும்வரைக்கும் கடித்தாள். அவன் உதறித் தள்ளிவிட்டு ஓடினான்.

பின்கட்டில் தோல் உரித்துக்கொண்டிருந்த கடைக்காரர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "சத்தம் கேட்டுச்சு. எப்பவும் போடற கும்மாளம்தான்னு நினைச்சேன்" என்றார். அன்றைக்கு முழுக்க அவர் பேசியது அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் ரேடியோவின் பல்லையும் தாடையையும் கம்பி போட்டு இறுக்கி, தலையோடு சேர்த்துத் துணியால் கட்டினார்கள். தங்கப்பல் மாமனார்களைப் போலத்தான் இருந்தான். சொல்லிச் சிரிக்கத்தான் வாய் இல்லை. பல்லிடுக்கு வழியாகக் குழாய் வைத்துக் கஞ்சியும் சூப்பும் உறிஞ்சினான். போலீஸ் பஞ்சர்க்காரனைப் பிடித்துக்கொண்டு போனது. பேப்பரில் உள்பக்கத்தில் வந்தது: 'கறியில் எடை குறைவு: கடையில் தகராறு, ஊழியர் தாடை முறிந்தது.'

எடை குறைவாம்! முள் ஒரு மயிரிழை சாய்ந்தால்கூட இன்னொரு துண்டு தூக்கிப் போடுகிற கடை அது. எந்தப் புண்ணியவான் சொன்னானோ, எதிர்க்கடைக்காரன் மேல் அக்காவுக்குச் சந்தேகம். அந்த வாரம் கறி வாங்க வந்தவர்களில் இரண்டு பேர், வழக்கமில்லாத வழக்கமாக, தராசுக்குப் பக்கத்தில் குனிந்து முள்ளைப் பார்த்தார்கள். கடைக்காரர் அதைப் பார்த்தார். அவர் வெட்டிய வெட்டில் கட்டையில் சில்லு பெயர்ந்தது.

பஞ்சர்க்காரன் ஜாமீனில் வந்துவிட்டான். பெண்டாட்டி அவன் துணிமணியைச் சாக்கடையில் வீசியிருந்தாள். இன்னொரு வீட்டுக்காரியும் கதவைத் திறக்கவில்லையாம். கடையிலேயே டயருக்கு நடுவில் படுத்துக் கிடந்தான்.

அவன் வந்த நாளிலிருந்து கடைக்காரர் மத்தியானத்தில் தூங்குவதை விட்டுவிட்டார். சாப்பிட்ட கையோடு வாசலில் உட்கார்ந்து, சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து, பெரிய கத்தியைத் தீட்டுவார். காலையில் தீட்டிய கத்திதான். அதைத் தீட்டுவார், விரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார், மறுபடியும் தீட்டுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கடையை ஒட்டிய வீட்டுக்குள் படுத்துக் கிடந்த ரேடியோ அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்காவைப் பார்த்துக் கையை ஆட்டுவான். போய்ச் சொல்லு, வேண்டாம்னு சொல்லு என்று அர்த்தம்.

"ஏங்க, அது போதுங்க. இன்னும் தீட்டினா கத்தியே தீந்துடும்."

சாணைச் சத்தம் நிற்கவில்லை.

"நான் பேசறது காதுல விழுதா? என்ன நினைப்புல இருக்கீங்க நீங்க?"

"ஒண்ணும் இல்லே."

"ஒண்ணும் இல்லாதவர் ஏன் என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கறீங்க?"

"அவன் கஞ்சி உறிஞ்சறதை நீ பாக்கறே இல்லே? நானும் பாக்கறேன். நாலு அடி தூரத்துல இருந்தேன். தோலை உரிச்சுக்கிட்டு இருந்தேன். மாப்ள சிரிச்சுக்கிட்டு இருக்கான்னு நினைச்சேன்." அவர் இவ்வளவு பேசி அக்கா கேட்டதே இல்லை. "எடை குறைவாம். நான் எடையில ஏமாத்தறவனாம்."

அவ்வளவுதான், மறுபடியும் வாய் மூடிக்கொண்டது. அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. இவர் செய்துவிடுவார். சத்தம் போடுகிறவனை நம்பலாம், நாலு பேர் பிடித்து நிறுத்துவார்கள். இவர் ஆட்டை அறுக்கிற மாதிரி ஒரே இழுப்பில் முடித்துவிட்டு, கையை விலாவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தம்பியின் வாய் போனது போகட்டும், இந்த மனுஷனும் போய்விட்டால் தனக்கு என்ன மிச்சம் என்று அவள் அடுப்படியில் நின்று அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டுக் கஞ்சியைக் கலக்கினாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நல்ல மழை. சாணைச் சத்தம் கேட்கவில்லை. அக்கா வாசலுக்கு வந்து பார்த்தாள். கல் ஈரமாகக் கிடந்தது. பேப்பர்க் கட்டின் மேல்தாள் கிழிந்திருந்தது. பேப்பரில் எதைச் சுற்றிக்கொண்டு போயிருப்பார் என்று யோசிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. செருப்பில்லாமல் மழையில் ஓடினாள்.

பஞ்சர்க்காரன் தண்ணீர்த் தொட்டி முன்னால் குந்தி, காற்றடித்த டியூபை முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவள் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர் அவன் பிடரி மயிரைப் பிடித்துத் தலையைத் தொட்டிக்குள் அமுக்கி வைத்திருந்தார். இப்போது குமிழி அவன் வாயிலிருந்து வந்தது. வெளியே இழுத்தார். லாரி டயர் ஒன்று படுக்கப் போட்டிருந்தது. அதன் விளிம்பில் அவன் கழுத்தை வைத்து முழங்காலால் முதுகை அழுத்தினார். கத்தி கழுத்துக்கு வந்தபோது பஞ்சர்க்காரன் வெறுங்கையால் அதன் அலகைப் பிடித்தான். உள்ளங்கை பிளந்து ரத்தம் டயரில் வழிந்தது.

"ஏங்க! வேணாங்க! ஐயோ, என்னைப் பாருங்க!"

அவர் பார்க்கவில்லை.

"போலீஸ் வரும். தூக்குல போடுவாங்க. நான் அநாதையாப் போயிடுவேன். ஏங்க!"

எதுவும் அவர் காதுக்குள் போகவில்லை. கழுத்து நரம்பை விரலால் தடவி இடம் பார்த்தார். அந்த விரலை அக்காவுக்குத் தெரியும். அடுத்தது இழுப்புதான்.

அவள் காலடியில், கத்தியைச் சுற்றியிருந்த அந்தத் தாள் நனைந்து கிடந்தது. ஏன் எடுத்தாள், எப்படி வாய் வந்தது என்று பின்னால் எத்தனை முறை கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தாளை எடுத்து விரித்துப் பிடித்தாள். அதில் என்ன இருந்தது என்று அவள் பார்க்கவே இல்லை. தம்பி வாசிக்கிற அதே ராகத்தில், தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"'பஞ்சர் கடையில் பயங்கரம்: தலையை வெட்டிய கறிக்கடைக்காரர்!' நாளைக்குப் பேப்பர்ல இதான். அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?"

கத்தி நின்றது. எடுக்கவில்லை, நின்றது.

"அந்தப் பேப்பர்க்காரன் காரணம் என்னன்னு போட்டான் தெரியுமா? 'தலையில் எடை குறைவு'ன்னு போட்டான்! கறிக்கடைக்காரர் தலையை வெட்டித் தராசுல வச்சாராம். முள்ளு சாயலையாம். 'உள்ள ஒண்ணுமே இல்லே, இதை எப்படி விக்கறது'ன்னு திருப்பிக் குடுத்துட்டாராம்!"

டயர் மேல் கிடந்தவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கழுத்தில் கத்தியோடு அவன் சிரித்தான். இருமினான், சிரித்தான், அப்படியே ஓவென்று அழ ஆரம்பித்தான்.

"அப்புறம் ஜெயில்ல இவரைச் சமையல்கட்டுல போட்டாங்க. இந்தக் கத்தி புடிச்ச கையால முட்டைக்கோசு வெட்டறார். வாய் பேசாத மனுஷன்னு வெங்காயமும் இவர் தலையிலதான். தினம் அழறார். எதுக்கு அழறார்னு ஒருத்தருக்கும் தெரியலே." அவள் தாளை இன்னும் உயர்த்திப் பிடித்தாள். "கடையில நான் வெட்டறேன். எனக்குத் தொடை எது, நெஞ்சு எதுன்னு தெரியும், வெட்டத் தெரியாது. ரெண்டு விரலைப் போட்டுட்டேன். வாங்கினவன் எடை கூட இருக்குன்னு சந்தோஷமாப் போயிட்டான்! அப்புறம் ஒரு நாள் பழைய பேப்பர்க் கட்டு வருது. பிரிக்கிறேன். இவர் மூஞ்சி. இவர் மூஞ்சியிலதான் ஈரலைச் சுத்திக் குடுக்கறேன். ரத்தம் இவர் கண்ணுல ஊறுது, மூக்குல ஊறுது. என் தம்பி பக்கத்துல நிக்கறான். வாசிக்க வாய் வரலே. மாமாவோட மூஞ்சியைச் சணல் போட்டுக் கட்டறான். அப்புறம்... அப்புறம்..."

அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. அந்த விளையாட்டில் தம்பி ஒரு நாளும் அந்த இடத்தில் நின்றதில்லை. அவள் நின்றுவிட்டாள். தாள் ஈரத்தில் இரண்டாகக் கிழிந்து விழுந்தது.

கடைக்காரரின் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரிந்திருக்காது. "எடை குறைவாம்..." என்று மூக்கால் ஒரு சத்தம் வந்தது. கத்தியைத் திருப்பி, மழுங்கின முதுகால் பஞ்சர்க்காரன் தோளில் ஓங்கி ஒன்று போட்டார். எலும்பு விட்டுப்போயிருக்கும். அவன் அலறினான். அதோடு கத்தியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு மழையில் இறங்கி நடந்தார்.

அக்கா தன் தோளில் கிடந்த துண்டால் பஞ்சர்க்காரன் கையை இறுக்கிக் கட்டினாள். "தொண்டை போற வரைக்கும் கத்தி உன் உசிரைக் காப்பாத்தினேன்னு நினைக்காதே. நான் காப்பாத்தினது அவரை" என்றாள். தொட்டியிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் எங்கேயும் புகார் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஜாக்கி சரிந்து விழுந்தது என்று சொன்னானாம். தோள் கூடியதும் ஊரை விட்டே போய்விட்டான்.

கம்பியை எடுத்தபிறகு ரேடியோவின் தாடை ஒரு பக்கம் கோணிப்போயிருந்தது. மறுபடியும் கடையில் நின்று பொட்டலம் கட்டினான், வாசிக்கவில்லை. பேசினால் பாதி எழுத்து காற்றாகப் போனது. வரிசையில் நிற்கிறவர்களும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கறிக்காக மட்டும் வந்தது.

மழைக்காலம் போய் வெயில் ஏறிய ஒரு ஞாயிறு, புதிதாக வந்த கட்டைப் பிரித்து ஒரு தாளை விரித்தவன் கை அப்படியே நின்றது. எதிரே நின்றவள் பஞ்சர்க்காரன் பெண்டாட்டி. இப்போதெல்லாம் அவளேதான் வந்து வாங்குவாள், ஒரே பொட்டலமாக. அக்கா எட்டிப் பார்த்தாள். 'கறியில் எடை குறைவு: கடையில் தகராறு, ஊழியர் தாடை முறிந்தது.'

"கசக்கிப் போடுடா அதை" என்றாள் அக்கா.

ரேடியோ போடவில்லை. தாளைத் தூக்கிப் பிடித்தான். ஒவ்வொரு எழுத்தாக, கோணல் வாயால் எச்சில் தெறிக்க, முழுக்க வாசித்து முடித்தான். வரிசை அசையாமல் நின்றது. பஞ்சர்க்காரன் பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அ...ப்புறம்... என்ன ஆச்சு... தெரியுமா?"

கேட்டுவிட்டான். அதற்குமேல் வாய் ஒத்துழைக்கவில்லை. தாடை ஆடியது, வார்த்தை வரவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. அக்கா அவன் கையிலிருந்து தாளை வாங்கப் போனாள்.

கட்டைக்கு அந்தப் பக்கமிருந்து கடைக்காரர் வெட்டுவதை நிறுத்தினார். அந்தக் கடையில் அவர் குரலை அதுவரை கேட்டிராதவர்கள்கூட அன்றைக்குக் கேட்டார்கள்.

"அப்புறம் ஒண்ணும் ஆகலே" என்றார். அக்காவை ஒரு தடவை பார்த்தார். "அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிட்டாங்க."

ரேடியோதான் முதலில் சிரித்தான். அந்தக் கோணல் வாயில் அது என்ன சத்தமோ, வரிசை முழுக்கப் பற்றிக்கொண்டது. பஞ்சர்க்காரன் பெண்டாட்டியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைக்காரர் ஒரு துண்டு நெஞ்செலும்பை வெட்டித் தராசில் கூடப் போட்டார். ரேடியோ அந்தத் தாளிலேயே கறியைச் சுற்றி, சணலைப் பல்லால் கடித்து அறுக்கப் போய், அந்தப் பக்கம் பல் இல்லாததால் மறுபக்கம் கடித்து அறுத்து, பொட்டலத்தை நீட்டினான்.